கேட்டால்தான் சொல்வோம்

டிரிஃப்ட்வுட் இல்லத்தில் ஒருவரைக் கட்டிப்பிடிப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். லியோனி பேருந்திலிருந்து இறங்கி, முதுகில் ஒரு பையும் கைக்கொரு பெட்டியுமாக மண்பாதையில் நடந்து வந்து வாசலில் நின்றபோது, உள்ளேயிருந்து ஆறேழு பேர் வந்து தடுப்பூசிக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றார்கள். கட்டிப்பிடிக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். லியோனியும் தனித்தனியாகச் சரி என்றாள். நாலாவது ஆள் வருவதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்த ஐந்தாவது ஆள், கொடுத்த அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா என்று மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டான்.

மூன்று வருடத்துக்கு முன்பு இந்த இல்லத்தில் எட்டு மாதம் இருந்தவள் அவள். அடிலெய்டில் ஹோவர்டை விவாகரத்து செய்த கையோடு, இரண்டு வாரம் கடற்காற்று வாங்கலாம் என்று நியூசிலாந்துக்கு வந்தவள், கோல்டன் பே கரையோரத்து இந்தக் கூட்டுக்குடித்தன வீட்டில் அப்படியே தங்கிவிட்டாள். காலையில் ஆளுக்கொரு மூலையில் மடிக்கணினியைத் திறந்து உலகத்தில் எங்கோ இருக்கும் முதலாளிக்கு வேலை செய்வார்கள். மாலையில் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுவார்கள். பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா அவசரப்படாமல், நிதானமாகச் செத்தாள். தம்பி வீட்டை விற்றான். லியோனி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அங்கே என் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் திரும்பிப் போக வேறு இடம் கிடையாது. அவளுக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஆட்களில் யாராவது ஒருத்தர், ‘இங்கேயே இரு’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவளுடைய பழைய அறை மௌன அறையாகியிருந்தது. உள்ளே ஒரு மெத்தையும் ஒரு கூழாங்கல்லும் இருந்தன. அவளுக்கு அடுக்குக் கட்டில் அறையில் கீழ்த்தட்டு கிடைத்தது. மேல்தட்டில் டோபியாஸ் என்ற டென்மார்க் இளைஞன். ராத்திரியில் தூக்கத்திலும் மன்னிப்புக் கேட்பவன்.

இல்லத்தை நிறுவிய ஃபெர்கஸ், முன்னே ஆக்லாந்தில் வீடு விற்றுக்கொண்டிருந்தவர். ஒருநாள் மலையேறும்போது மூச்சு வாங்கியதை ஞானம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து மெதுவாகப் பேசுகிறார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அவர் லியோனியை உட்காரவைத்துப் புதிய ஏற்பாட்டை விளக்கினார். விருந்தாளியாக எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் நிரந்தரமாக இருக்க விரும்பித் திரும்பி வருகிறவர்கள் மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். வாசல் என்றால் இயற்கை வைக்கும் பரீட்சை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள். முன்பெல்லாம் பாத்திரம் கழுவினால் போதுமாயிருந்தது என்று லியோனி நினைத்துக்கொண்டாள், சொல்லவில்லை.

சமையலறைச் சுவரில், கடல் ஒதுக்கிய பலகையொன்றில் சூட்டுக்கோலால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: ‘கேட்காமல் யாருக்கும் யோசனை சொல்லோம்.’ லியோனிக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அது அவளுடைய வாக்கியம். முட்டை வேகவைப்பதற்கும் பல் தேய்ப்பதற்கும் யோசனை வைத்திருந்த ஹோவர்டோடு பத்தொன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவள், அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் வட்டத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னது. எல்லோரும் கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். இங்கே கைதட்டல் கிடையாது, சத்தம் சிலருக்கு ஆகாது என்பதால். இப்போது ஃபெர்கஸ் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வாக்கியத்தை, ஏதோ மலையுச்சியில் தனக்கு அருளப்பட்டதைப் போலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் தேடி வந்தது ஃபெர்கஸை அல்ல, பிரைடியை. பிரைடி சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டவள். அந்த எட்டு மாதமும் இருவரும் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து, மணல் ஈக்களை அடித்துக்கொண்டே ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்து, வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோரையும் கிழிகிழியென்று கிழிப்பார்கள். உண்மையைச் சொன்னால், லியோனி மனதில் வைத்திருந்த ‘என் ஆட்கள்’ அந்தப் படிக்கட்டின் அகலத்துக்குமேல் போகாது.

இப்போது பிரைடி சிகரெட்டை விட்டிருந்தாள். கிழிப்பதையும் விட்டிருந்தாள். வட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். முதல்நாள் சாயங்காலம் லியோனி அந்தப் படியில் போய் உட்கார்ந்து, “என்னடி, அந்தக் கூழாங்கல்லுக்கு வாடகை வாங்குறீங்களா இல்லையா?” என்று ஆரம்பித்தாள். பிரைடி சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்தக் கல் பலபேருக்கு உதவியாக இருக்கிறது என்றாள். மணல் ஈ மட்டும் பழையபடியே கடித்தது.

முதல் வாசல் ஓடைத் தண்ணீர். அக்டோபர் மாதத்தில் மலையிலிருந்து வரும் பனித்தண்ணீரில், பொழுது விடிந்ததும் கழுத்தளவு உட்கார வேண்டும். லியோனி உட்கார்ந்தாள். கரையில் நின்றவர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்கள். அதற்குச் சாட்சி நிற்பது என்று பெயர். அவள் வெளியே வந்தபோது உதடு கத்தரிக்காய் நிறமாயிருந்தது. வெக்கா பறவையொன்று அவளுடைய காலுறையைக் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடியது. அதையும் நெஞ்சில் கைவைத்தபடியே பார்த்தார்கள்.

இரண்டாவது வாசல் சுண்ணாம்புப் பாறை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். பாதியில் அவளுக்கு அடுத்த பிடி அகப்படவில்லை. கீழேயிருந்து ஒருவரும் வலதுகைப் பக்கம் பிடி இருக்கிறது என்று சொல்லவில்லை. இருந்தது. இறங்கிய பிறகுதான் பார்த்தாள். முட்டி பெயர்ந்து ரத்தம் வழிய அவள் மேலே போய்த் தொட்டதும் விரல்கள் ஆடின. ஃபெர்கஸ், அவள் தன்னுடைய பிடியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள் என்று நெகிழ்ந்தார்.

மூன்றாவதுதான் கழிமுகம். கடல் வற்றும் நேரத்தில் மணல்வெளியை நடந்து கடந்து, அக்கரையில் இருக்கும் குடிலில் ஓர் இரவு தனியாகத் தங்கிவிட்டு மறுநாள் வற்றத்தில் திரும்ப வேண்டும். இதில் லியோனிக்குப் பயமே இல்லை. அந்த எட்டு மாதத்தில் பிரைடியோடு எத்தனையோ தடவை கடந்த கழிமுகம். கரைக்கு அருகே ஒரு வாய்க்கால் ஓடும். முழு வற்றத்தில் அதில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் வெறும் மணல்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டில் எல்லோரும் ஓட்ஸ் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைக் கரும்பலகையில் அன்றைய வற்றம் இரண்டு மணி என்று எழுதியிருந்தது. லியோனி அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பழைய ஆள் என்ற பெருமையோடு, பக்கத்தில் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் சொன்னாள்: “பலகைய அப்படியே நம்பிடக் கூடாதும்மா. கோடைக்குன்னு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிருக்கோம்ல, துறைமுகக் கணக்குல அதச் சேத்துருக்க மாட்டாங்க. நாமதான் சேத்துக்கணும். ரெண்டுன்னா மூணு. நான் மூணுக்குக் கிளம்புறேன்.”

மூன்று வருடத்துக்கு முன்பு அது சரி. அப்போது துறைமுகத்துக் கணக்கை அப்படியே பலகையில் எழுதுவார்கள். போன வருடத்திலிருந்து டோபியாஸ் அந்த ஒரு மணி நேரத்தைத் தானே கூட்டி எழுதிவிடுகிறான். பலகையில் இருந்த இரண்டு மணி, கடிகாரத்து இரண்டு மணியேதான். அந்தப் புதியவளைத் தவிர மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

டோபியாஸ் வாயைத் திறந்தான். பிறகு அதில் ஒரு கரண்டி கஞ்சியைப் போட்டு மூடிக்கொண்டான். ஃபெர்கஸ் தேநீரைக் கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார். பிரைடி லியோனியைப் பார்த்தாள், சுவரில் சூட்டுக்கோலால் எழுதியிருந்த வாக்கியத்தைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். மேசையில் ஒரு சின்ன நிசப்தம் விழுந்தது. லியோனி அதைத் தன்மேல் வைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு, தேனை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கரையில் வழியனுப்பும் சடங்கு நடந்தது. ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒருவர் ‘வேர்’ என்றார், இன்னொருவர் ‘சிறகு’ என்றார். டோபியாஸ் ‘தண்ணீர்’ என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. ஃபெர்கஸ் எதையோ கொளுத்திப் புகை காட்டினார். காற்றில் அது அணைந்து அணைந்து போக, மறுபடி மறுபடி கொளுத்தினார். இந்த மங்களமெல்லாம் முடிவதற்குள் கடல் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

வாய்க்காலில் இறங்கியபோதே தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மழை பெய்திருக்கும் போல என்று லியோனி நினைத்தாள். இதுதான் முழு வற்றம், தண்ணீர் இப்போதைக்கு ஏறாது என்று நம்பியதால் துணிந்து நடந்தாள். தொடை அளவு வந்தது. பையைத் தோளுக்கு மேலே ஏற்றிக்கொண்டாள். இடுப்பு அளவு வந்தபோதுதான், தண்ணீரில் மிதந்த குச்சியும் நுரையும் கடல்பக்கம் போகாமல் நிலத்துப்பக்கம் விரைந்து போவதைக் கவனித்தாள். கடல் வற்றிக்கொண்டிருக்கவில்லை, வந்துகொண்டிருந்தது.

முன்னால் இன்னும் பாதி வாய்க்கால். பின்னாலும் பாதி. காலடி மணல் கரைந்து கரைந்து நழுவியது. திரும்பிப் பார்த்தாள். கூப்பிடு தூரத்தில்தான் எல்லோரும் நின்றிருந்தார்கள், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவளை முதலில் குழப்பியது. அவளுக்கு இப்போது தெரிந்தது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

யாராவது ஒருத்தர் ‘திரும்பி வா’ என்று கத்தினால் போதும், திரும்பிவிடுவாள். பிரைடியையே பார்த்தாள். பிரைடியின் வாய் அசைந்தது மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை.

சரி, கேட்டால்தானே சொல்வார்கள். விதியை எழுதியவளுக்கு விதி தெரியாதா? பெருமையையெல்லாம் வாய்க்காலில் விட்டுவிட்டு, தொண்டை கிழியக் கேட்டாள்.

“தண்ணி ஏறுது! போகவா, திரும்பவா? சொல்லுங்க!”

கரையில் ஒரு சலசலப்பு. எல்லோரும் ஃபெர்கஸைப் பார்த்தார்கள். ஃபெர்கஸ் ஓரடி முன்னால் வந்தார். வாயருகே இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டார். வழக்கமான இடைவெளியை விட்டார். பிறகு காற்றில் மிதந்து வந்தது அந்தக் கனிந்த குரல்.

“உனக்கு என்ன தோணுது, லியோனி?”

லியோனிக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் விலா எலும்புக்கு வந்துவிட்டது. அடுத்த அடியில் கால் தரையைத் தொடவில்லை. முதுகுப்பை அவளை மல்லாக்கப் புரட்டியது. உப்புத்தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏற, பட்டையைக் கழற்றிப் பையை உதறினாள். உள்ளே மடிக்கணினி இருந்தது, அவளுக்குச் சோறு போடும் அத்தனை வேலையும் அதற்குள் இருந்தது. அது நிலத்துப்பக்கமாக, குச்சிகளோடும் நுரையோடும் மிதந்து போயிற்று. அவள் கையைக் காலை அடித்து, மூழ்கி எழுந்து, எங்கோ ஒரு கட்டை அகப்பட, அதைப் பிடித்துக்கொண்டு புறப்பட்ட கரைக்கே போய்ச் சேர்ந்தாள். சேற்றில் தவழ்ந்து ஏறினாள்.

எல்லோரும் அவளிடம் ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்கள் இரண்டடி தூரத்தில் சடாரென்று நின்றார்கள்.

“கட்டிப்பிடிச்சுக்கலாமா?” என்றாள் பிரைடி. அவள் கண்ணில் நீர் நின்றது.

குளிரில் லியோனியின் பற்கள் தந்தியடித்தன. தாடை அடித்துக்கொண்டதில் சரி என்ற ஒரு சொல் வெளியே வரவில்லை. அதனால் யாரும் தொடவில்லை. யாரோ ஒரு கம்பளியை அவளுக்கு எட்டும் தூரத்தில் மடித்து வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரைடி வட்டத்துக்காகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். லியோனி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“பலகையில ஏற்கனவே கூட்டி எழுதிருந்ததுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்றதுக்கு என்னடி?”

பிரைடி கத்தியைக் கீழே வைத்தாள். “நீ கேக்கலயே.”

“தண்ணிக்குள்ள நின்னு கேட்டேனே.”

“ஃபெர்கஸ் பதில் சொல்லிட்டாரு. ஒருத்தர் பதில் சொல்லும்போது நடுவுல பேசக் கூடாது.” சொல்லிவிட்டு, அது தன் காதுக்கே எப்படியோ பட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியே பழைய குரலில் சொன்னாள்: “அது உன்னோட விதிடி. வேற யாருக்கும் ஞாபகம் இல்ல, எனக்கு இருக்கு. இன்னொரு ஹோவர்டு எனக்கு வேண்டாம்னு அன்னைக்கு எப்படி அழுத. நீ போன பிறகு அதுலதான் நான் பழகினேன். சும்மா இல்ல, கஷ்டப்பட்டுத்தான். இப்ப யாராச்சும் கிணத்துல விழப்போனாக்கூட, சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள அவங்க விழுந்து முடிச்சிர்றாங்க.”

லியோனி சிரிக்கப் பார்த்தாள். வாசலில் டோபியாஸின் தலை தெரிந்தது. உள்ளே வரலாமா என்று கேட்டான். பிரைடி மறுபடி கிழங்கை எடுத்துக்கொண்டு, அந்த மெத்தென்ற குரலில், வா என்றாள்.

சாயங்காலம் வட்டம் கூடியது. மூன்றாவது வாசலை லியோனி கடந்தாளா இல்லையா என்று நீண்ட விவாதம் நடந்தது. அக்கரை சேரவில்லை என்பது ஒரு கட்சி. ஃபெர்கஸ் கண்ணை மூடித் திறந்து, புறப்பட்ட கரைக்கே வந்துசேர்வதுதான் கடப்பதிலெல்லாம் ஆகப்பெரியது என்று தீர்ப்பு சொன்னார். அதை யாரோ உடனே எழுதிக்கொண்டார்கள்; அடுத்த பலகைக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. ஆட்சேபம் உண்டா என்று பிரைடி கேட்டாள். இல்லை. லியோனி இனி இந்த வீட்டு ஆள் என்று விரல்கள் ஆடின. அவள் ஏதாவது பேச விரும்புகிறாளா என்று கேட்டார்கள்.

லியோனி வட்டத்தைப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. எல்லோரும் சம்மதித்தாயிற்று. ஆனால் ஒருவர்கூட அவள் வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் முடிவாகியிருந்தது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை நேற்று வாய்க்காலில் நின்று அளந்தவள் அவள்.

அவள் வாயிலிருந்து வந்தது, யோசித்து வைத்திருந்த வார்த்தை அல்ல.

“நான் கிளம்பிடலாம்னு இருக்கேன். நாளைக்கே.”

பொய்தான். எங்கே கிளம்புவது? ஆனால் சொன்ன பிறகு அவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை பிறந்தது. இதற்காவது யாராவது பதறுவார்கள். ‘என்னடி உளர்ற, உக்காரு’ என்று பிரைடி ஒரு அதட்டல் போட்டால் போதும், இந்தக் கூழாங்கல்லையும் புகையையும் ஞானத்தையும் ஆயுள் முழுக்கச் சகித்துக்கொண்டு கிடப்பாள். அவள் பிரைடியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிரைடியின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தன.

“மனசத் தெறந்து சொன்னதுக்கு நன்றி, லியோனி,” என்றாள்.

ஃபெர்கஸ் தலையை மெல்ல ஆட்டினார். அவளுடைய முடிவை இந்த வீடு முழு மனதோடு மதிக்கிறது என்றார். ஒரு கை உயர்ந்தது, இன்னொன்று உயர்ந்தது. வட்டம் முழுக்க விரல்கள் காற்றில் ஆடின. பிரைடியின் கைகள் கடைசியாக எழுந்தன. அவையும் ஆடின.

கீழ்த்தட்டுக் கட்டில் அப்படியானால் காலியாகிறதா, மன்னிக்கணும், என்று டோபியாஸ் கேட்டான். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். எடுத்துக்கொள் என்று லியோனி சொன்னாள்.

காலைப் பேருந்துக்குள் எந்த ஊருக்கு என்று முடிவு செய்ய வேண்டும். யாரிடமாவது கேட்கலாம் என்று அவள் நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வட்டத்தை முடித்துவைக்கும் மௌனம் தொடங்கியிருந்தது. எல்லோரும் கண்களை மூடிக்கொண்டிருந்தார்கள்.